யாரும் பறந்து வர மாட்டார்கள்

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் இப்படிக் கேட்கும். "ஸ்பைடர்மேன், பேட்மேன், அயர்ன்மேன் எல்லாம் பார்த்து முடிச்சாச்சு. காமிக்ஸ்ல இதைத் தாண்டி ஒண்ணும் கிடையாதா?" உடனே, "முதல்ல பாடப் புத்தகத்தை எடு" என்று சொல்லிவிடாதீர்கள். கேள்வி நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதற்குப் பதில் தேட ரொம்ப தூரம் போகவும் வேண்டாம், சிவகாசி வரை போனால் போதும்.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் அலையும். இவர் 1962-ல் ஒரு பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் பிறந்தவர். வரைந்தவரோ ஸ்பெயின்காரர். நமக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவர் நம்ம ஊர் ஆள் என்றே நினைத்தோம். 1984-ல் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இரண்டும் வந்தன. ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி போட்ட காட்டு வீரர். முத்துவில் அதே ஆள் வேதாளர். எது நிஜ மாயாவி என்று ஸ்கூலில் சட்டை கிழியச் சண்டை போட்டவர்கள் இன்று தாத்தா ஆகியிருப்பார்கள். ராணி 2005-ல் நின்றுபோனது. லயனும் முத்துவும் இன்றும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன.

முதல் படி அங்கேயே இருக்கிறது. லக்கி லூக்கை எடுங்கள். நிழலைவிட வேகமாகத் துப்பாக்கி எடுக்கிற கௌபாய். 1946-ல் பெல்ஜியத்துக்காரர் மோரிஸ் உருவாக்கியது. வாய்விட்டுச் சிரிக்கலாம். அடுத்து டெக்ஸ் வில்லர். 1948 முதல் இத்தாலியில் ஓடிக்கொண்டிருக்கும் தொடர். இவர்கள் வெயிலில் காய்வார்கள், அடி வாங்குவார்கள். ஒருவருக்கும் பறக்கத் தெரியாது.

இரண்டாவது படியில் சாகசம் குறையும், ஆள் நிஜமாவான். ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்' அப்படிப்பட்டது. ஹிட்லரின் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பிய தன் அப்பாவின் கதையை மகன் வரைகிறார். யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள். தப்பி வந்த அந்த அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. மகா கஞ்சர். தெருவில் கிடக்கிற ஒயரைக்கூடப் பொறுக்கி வைத்துக்கொள்வார். மகனுக்கும் அவருக்கும் ஒத்தே போகாது. அதனால்தான் நம்புகிறோம். 1992-ல் புலிட்சர் சிறப்புப் பரிசு வாங்கிய புத்தகம் இது. மர்ஜானே சத்ரபியின் 'பெர்ஸபோலிஸ்', ஈரான் புரட்சியைப் பத்து வயசுப் பெண்ணின் கண்ணால் பார்க்கிறது. வெறும் கறுப்பு வெள்ளைதான், நடுவில் சாம்பல் நிறம்கூடக் கிடையாது. தமிழிலும் வந்திருக்கிறது.

இவற்றைப் படிக்க ஒரு சின்ன முறை இருக்கிறது. பலூனுக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு கட்டத்தில் கதவு திறந்திருக்கிறது, அடுத்த கட்டத்தில் மூடியிருக்கிறது. நடுவில் யார் வந்தார்கள், யார் போனார்கள்? அதை யாரும் வரையவில்லை. அந்த வெள்ளை இடைவெளியில் கதையை நடத்துவது நீங்கள்தான்.

மூன்றாவது படிக்கு என்னுடன் ஆலங்குடிக்கு வாருங்கள். கொண்டைக்கடலை மாலையைத் தேடாதீர்கள், அது திருவாரூர் மாவட்டத்து குரு பகவான் ஆலங்குடி. இது புதுக்கோட்டை பக்கத்து ஆலங்குடி, கடலையும் பலாவும் விளைகிற பூமி. என் அக்கா வீடு அங்கே. காலேஜ் படிக்கும் அக்கா மகனுக்கு 'பீமாயணம்' கொண்டுபோயிருந்தேன். 2011-ல் வெளியான அம்பேத்கரின் வாழ்க்கைக் கதை. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடித் தம்பதி வரைந்தது. இதில் சதுரக் கட்டமே கிடையாது. கோண்டு வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடுகிற கோலம் மாதிரியான வளைவுகள்தான் பக்கத்தைப் பிரிக்கின்றன.

அத்தான் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, தோளுக்கு மேல வளர்ந்தவனுக்குப் பொம்மை புக்கா?" என்றார். சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. அவரே அதை எடுத்துத் திண்ணை வெளிச்சத்தில் புரட்டினார்.

"ஏன்டா, இந்தப் பேச்சுக்கு மட்டும் தேள் கொடுக்கு வச்சிருக்கு?"

"அது மனசைக் கொட்டுற பேச்சுப்பா. நல்ல வார்த்தை பேசினா பறவை மாதிரி இருக்கும், பாருங்க."

அத்தான் ஒவ்வொரு பக்கமாகத் தேள்களை எண்ண ஆரம்பித்தார். சிறுவன் பீமாராவுக்கு வழியெல்லாம் தண்ணீர் மறுக்கப்படும் இடம் வந்தது. "இது எந்த வருஷம்?" என்று கேட்டார்.

"1901."

கொஞ்ச நேரம் கழித்துப் பையன், "நம்ம வேங்கைவயல் 2022-ப்பா" என்றான்.

உங்களுக்கு நினைவிருக்கும். 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அத்தான் எதுவும் பேசவில்லை. புரட்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரிலும் டி.வி.யிலும் எத்தனையோ தடவை பார்த்த செய்திதான். ஒரு பையனின் தாகமாக அதை அவர் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு புத்தகம் 'வன்னி'. 2019-ல் ஆங்கிலத்தில் வந்தது. ஐ.நா. பணியாளராகக் கிளிநொச்சியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்தது. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஆட்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள், ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். சுனாமியிலிருந்து போரின் கடைசி நாட்கள் வரை ஒரு குடும்பம் ஓடிக்கொண்டே இருக்கிற கதை. இது ஏதோ கடல் தாண்டிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது. தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு என்று புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருபவர் இப்படியொரு கதையை மடியில் வைத்திருக்கலாம்.

சூப்பர் ஹீரோ கதைகளில் கடைசிப் பக்கத்துக்குள் யாராவது பறந்து வந்துவிடுவார்கள். நான் சொன்ன புத்தகங்களில் வர மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், தண்ணி கொடுக்கிற ஒரு கை, பயந்துகொண்டே கதவைத் திறக்கிற ஒரு பெண், இவர்கள்தான் வருவார்கள், அல்லது வராமல் போவார்கள். நம் வாழ்க்கையும் பெரும்பாலும் அப்படித்தானே நடக்கிறது?

ஆகவே என் சிபாரிசு இது. சிரிக்க ஒரு லக்கி லூக், யோசிக்க ஒரு பெர்ஸபோலிஸ், தூக்கம் வராமல் இருக்க ஒரு பீமாயணம். மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். அடுத்த புத்தகத் திருவிழாவில் ஒன்றை மட்டும் வாங்கி, படித்து முடித்ததும் பீரோவில் பூட்டாமல் திண்ணையிலோ டி.வி. பக்கத்திலோ போட்டு வையுங்கள். "பொம்மை புக்கு" என்று திட்டுகிறவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். கரண்ட் போகிற ஒரு சாயங்காலம் அவரே எடுத்துப் பார்ப்பார்.