தாமதம் கைமாறும் விதம்

விமானத் தாமதம் மழையிலோ பழுதிலோ தொடங்கினாலும், அது வளர்வது கால அட்டவணைக்குள்தான். ஒரு விமானம் வந்திறங்கி மீண்டும் புறப்படும்வரை தரையில் நிற்கும் நேரத்தில், பயணிகளை இறக்கி ஏற்றவும் துப்புரவு செய்யவும் எரிபொருள் நிரப்பவும் வேண்டியது போக எஞ்சும் சில நிமிடங்களே அட்டவணை வகுப்போரின் கையிருப்பு. இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பழுதொன்றால் 90 நிமிடம் பிந்திக் கிளம்பும் விமானம் ஒவ்வொரு தரிப்பிலும் 20 நிமிடத்தை மீட்பதாகக் கொண்டால், அடுத்த பயணங்கள் 70, 50, 30 என்று பிந்தி, ஐந்தாவதில்தான் தாமதம் 10 நிமிடமாகக் குறையும்; 15 நிமிடத்துக்குக் குறைந்ததைத் தாமதமாகக் கொள்ளாத துறை வழக்கப்படி, ஒரு பழுது நான்கு தாமதங்களாகியிருக்கும்.

ஆனால் இக்கணக்கு விமானத்தை மட்டுமே பார்க்கிறது. விமானிகள் ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றை ஓட்டப் போகிறவர்களாதலால் தாமதம் கிளைவிடுகிறது. அவர்களுடைய பணிநேரத்துக்குச் சட்ட எல்லையும் இருப்பதால், கூடுதலான பத்து நிமிடம்கூட மாற்றுக் குழு வரும்வரையான பல மணிநேரக் காத்திருப்பாக மாறிவிடலாம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் தாமதக் குறியீடுகளில் 93 என்பது, முந்தைய பயணத்திலிருந்து விமானம் பிந்தி வந்ததைக் குறிக்கும். அது உண்மைதான் எனினும் காரணமன்று. அக்குறியீட்டோடு நின்றுவிடும் பதிவேடு முதற்பிழையை மறைக்கிறது.

முன்கூட்டித் தெரிந்த இடையூறு, எவ்வளவு பெரிதாயினும், அட்டவணைக்குள் அடங்கக்கூடியது. 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கட்டுநாயக்கவின் ஒரே ஓடுபாதை செப்பனிடுவதற்காக நாள்தோறும் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை மூடப்பட்டபோது, பயண நேரங்களை முன்னதாகவே மாற்றி எழுத முடிந்தது. 2022இன் எரிபொருள் நெருக்கடியிலோ, நெடுந்தூர விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எரிபொருள் நிரப்ப நேர்ந்ததால், அட்டவணையில் இல்லாத ஒரு தரிப்பே பயணத்துள் புகுந்தது. எதிர்பாராத தாமதம் அடுத்த பயணங்களுக்குக் கைமாறாதிருக்க, மாற்று விமானம் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பதே நேரான மருந்து. எனினும் பறக்காத விமானம் பணம் ஈட்டாது என்பதால் சிறிய நிறுவனங்கள் அதனைத் தவிர்க்கின்றன. இரவில் மூடும் விமான நிலையங்களில் அன்றைய தாமதம் பெரும்பாலும் இரவோடு தீர்ந்துவிடும். வளைகுடாவுக்கான சேவைகள் நள்ளிரவிலும் இயங்கும் கட்டுநாயக்கவில் அந்த ஓய்வும் கிடைப்பதில்லை.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளிலிருந்து உம்ராவுக்கோ வளைகுடா வேலைக்கோ செல்வோர், இரவு முழுதும் வேனில் வந்து, பல மணிநேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் காத்திருப்பது வழக்கம். தம் தரைப்பயணத்துக்கு அவர்கள் விடும் கையிருப்பு, எந்த விமான நிறுவனமும் தன் விமானத்துக்கு விடுவதைவிடப் பெரிது. ஆயினும் டோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறும் இடைவெளி அவர்கள் கையில் இல்லை. இரு பயணங்களும் ஒரே டிக்கட்டில் இருந்தால், முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறும்போது மாற்றிடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பாகும். தனித்தனி டிக்கட்டுகளில் அந்த நட்டம் பொதுவாகப் பயணியின் தலையிலேயே விழும். விலை சற்றுக் கூடினாலும், ஒரே டிக்கட்டாக எடுத்துத் தருமாறு பயண முகவரிடம் கேட்பதே நல்லது.