மருந்து என்ற பெயரில்

சாப்பாடு முடிந்ததும் உம்மா இஞ்சித் தோசி வைத்திருக்கும் தகரத்தைத் திறப்பார். சீனி வருத்தக்காரர். தடுத்தால், "இது இனிப்பில்ல மகன், சமிபாட்டுக்கு மருந்து" என்பார்.

இந்தச் சமாதானம் மிகப் பழையது. மத்திய கால ஐரோப்பாவில் செல்வந்தர்கள் விருந்தின் முடிவில் பெருஞ்சீரகம், கொத்தமல்லி, இஞ்சி ஆகியவற்றைச் சீனி பூசி உண்டனர். வித்துகளைச் சூடான தாச்சியில் உருட்டி, பாகைச் சிறிது சிறிதாக ஊற்றிப் படலம் படலமாகப் பூசுவார்கள். இரைப்பை ஓர் அடுப்பு, உணவு அதில் வேகிறது, உஷ்ணமான சரக்குகள் அந்நெருப்பைத் தூண்டும் என்பது அக்கால வைத்தியம். இப்னு ஸீனாவின் மருத்துவ நூலை 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்துப் படித்தவர்கள் அவர்கள். சீனியும் அன்று மருந்துச் சரக்குத்தான்.

13ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் தோமஸ் அக்குவைனஸ், இத்தகைய இலேகியங்கள் சமிபாட்டுக்கானவை, ஆகவே நோன்பை முறிக்காது என்று தீர்ப்புச் சொன்னார். நமக்கோ பகலில் மருந்தை விழுங்கினாலும் நோன்பு முறியும். ஆயினும் அவர் இட்ட நிபந்தனை என்னைத் தைத்தது: ஏமாற்றாக, உணவைப் போல் நிறைய உண்டால் அந்தச் சலுகை இல்லை. நமது மொழியில் அதுதான் நிய்யத்.

இதை உம்மாவிடம் விளக்கினேன். பேசாமல் கேட்டிருந்துவிட்டுத் தகரத்தை மூடினார்.

"எனக்கு வருத்தம், நான் மருந்தெண்டு திண்டன். உங்கட வாயில கிடக்கிறது எதுக்கு மகன்?"

அது என் மூன்றாவது துண்டு.