மண்ணைக் கேட்டோமா?

தலைநகரில் எழுத்தராகப் பணியேற்று 21 ஆண்டுகள் ஆகின்றன. மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நிலம் உண்டு. ஏறத்தாழ 3 ஏக்கர். அதில் உழைப்பவர் என் அண்ணன். ஆவணிதோறும் உரத்துக்குப் பணம் அனுப்புவது என் பங்கு. அத்துடன் என் கடமை முடிந்ததென்றே எண்ணியிருந்தேன்.

உரச்செலவு ஆண்டுக்காண்டு ஏறிற்று, விளைச்சல் ஏறவில்லை. பயிர் கரும்பச்சையாய்த் தழைக்கும், புகையான் பற்றும், கதிர் முற்றும் வேளையில் ஒரு மழைக்கே சாய்ந்துவிடும். 2021 இல், "அனுப்பும் பணமெல்லாம் எங்கே போகிறது?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டேன். அண்ணன் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "விற்றுவிடலாம், தம்பி" என்றார். அதன்பின் பல மாதங்கள் எங்களுக்குள் பேச்சே இல்லை.

கிருஷி பவனில் பணிபுரியும் நண்பரிடம் என் குறையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே: "மண்ணைச் சோதித்தீர்களா?" நான் தலைகுனிந்தேன். 2015 இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தவன்தான். அது எங்கள் வயலுக்கும் உரியதென்று தோன்றியதேயில்லை.

2022 மே விடுமுறையில் ஊருக்குச் சென்று, அண்ணனுடன் வயலில் இறங்கினேன். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை விலக்கி, பத்து இடங்களில் சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி மண் எடுத்தோம். கட்டி உடைத்துக் கலந்து, நான்காய்ப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக்கழித்து அரைக் கிலோவாக்கினோம். அந்த வேலையினூடேதான் எங்கள் பேச்சும் மீண்டது.

ஆய்வுக்கூடத்தின் அட்டையில் 12 கூறுகள் இருந்தன. மணிச்சத்து தேவைக்கு மேல்; துத்தநாகம் பற்றாக்குறை; கரிமம் 0.4 விழுக்காடு. அரை விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது கணக்கு. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உண்டு. அது பயிருக்கு உணவு. மண்ணுக்கும் அதில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உணவு மட்கே. நீரையும் சத்தையும் பிடித்துவைப்பதும் அதுவே. அப்பா காலத்தில் கோடைதோறும் இராமநாதபுரத்துக் கிடைக்காரர்கள் வந்து ஆடு கட்டுவார்கள். கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுவதுண்டு. இரண்டையும் நாங்கள் நிறுத்தி ஆண்டுகள் பலவாயின.

அண்ணன் அட்டையைப் பார்த்தபடி சொன்னார்: "நீ பணம் அனுப்பினாய், நான் மூட்டை வாங்கினேன். மண்ணுக்கு என்ன வேண்டுமென்று இருவருமே கேட்கவில்லையே, தம்பி."

அவ்வாண்டு ஆனியில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 ஆம் நாள் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதார். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இட்டார். 4 மூட்டை யூரியா 2 ஆயிற்று. முதலாண்டு விளைச்சல் கூடவில்லை. ஆனால் பயிர் சாயவில்லை, கடனும் ஏறவில்லை. அடுத்த ஆண்டு சிறிது கூடிற்று. கரிமம் மெல்லத்தான் ஏறும். ஒரு தலைமுறை இழந்ததை இரண்டு போகத்தில் மீட்க இயலாது. நிலத்தை விற்கும் பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் ஊரில் காணி நிலமேனும் உடையோர் பலர் இருப்பீர்கள். பணம் அனுப்புங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த விடுமுறையில் வயலிலும் ஒரு நாள் இறங்குங்கள். மண்ணுக்கு எது குறைவென்று கேளுங்கள். அதை உழுகிறவரையும் கேளுங்கள்.