வாசிக்கும் பிள்ளையும் கேட்கும் செவியும்



கோடை விடுமுறை வந்துவிட்டது. விடுமுறை வேதாகமப் பள்ளியின் பாடல் ஒலி நம் ஆலய வளாகங்களில் சில நாட்கள் எழுந்து அடங்கிவிடும். அதன்பின் பள்ளி திறக்கும்வரை நீண்ட பகல்கள் நம் பிள்ளைகள்முன் கிடக்கின்றன. அவர்கள் விளையாடட்டும், நன்றாய் உறங்கட்டும், தாத்தா பாட்டி வீட்டில் நுங்கு தின்று களிக்கட்டும். ஓய்வும் தேவன் தந்த ஈவே. ஆயினும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பயிலும் சிறுவரைக் குறித்து இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவ்வயதில் வாசிப்பு இன்னும் வேர் பிடிக்காத நாற்று. தமிழின் 247 எழுத்துகளில் 216 உயிர்மெய் எழுத்துகள். ஒற்றைக்கொம்பு எது, இரட்டைக்கொம்பு எது, லகரம் எது, ளகரம் எது என்று பிள்ளை ஒவ்வொரு முறையும் நின்று யோசித்தே வாசிக்கிறது. அந்தப் பழக்கம் பல வாரங்கள் விட்டுப்போனால், ஜூன் மாதத்தில் தடுமாற்றம் திரும்பிவிடும். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கும் அவ்வாறே. ஆசிரியர் புதிய பாடத்துக்குச் சென்றிருப்பார். பிள்ளையோ பழைய எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும். வகுப்பில் வாசிக்க எழுப்பும்போது அது தலைகுனியும். “எனக்குப் படிப்பு வராது” என்று ஏழு வயதிலேயே தன்னைக் குறித்துத் தீர்ப்பு எழுதிக்கொண்ட பிள்ளையைத் தேற்றி எழுப்புவது எளிதன்று.

வீடு சந்திக்கச் செல்கையில் தாய்மார் சிலர் கேட்கிறார்கள்: “ஐயா, நாங்களோ பள்ளிக்கூடம் போகாதவர்கள். பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுப்போம்?”

என் பாட்டி கைநாட்டு வைத்தவர். பம்பாயிலிருந்து மாமா எழுதும் கடிதங்களை விடுமுறை நாட்களில் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். வேம்பின் நிழலில் அரிசி புடைத்தபடியே கேட்பார். நான் ஒரு சொல்லை விழுங்கிவிட்டால், “அவன் அப்படி எழுதியிருக்க மாட்டானே, திரும்ப வாசி ராசா” என்பார். எழுத்தறியாத அவர், பொருள் அறுந்த இடத்தைத் தவறாமல் கண்டுகொண்டார். ஒரே கடிதத்தை மூன்று நான்கு முறை வாசிக்கச் சொல்வார். கடைசி முறை தடையின்றி ஓடும். மகனின் செய்தியை மறுபடி கேட்கும் ஆசை அவருக்கு; வாசிப்பில் தேர்ச்சியோ எனக்கு வந்தது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். மணலில் எழுதியது கலைந்துவிடும். மறுபடி எழுத வேண்டும். அவ்வாறு தொடங்கியவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் முழுமையாய் அச்சேறியது.

ஆகவே அன்பானவர்களே, நாள்தோறும் கால் மணி நேரம் போதும். பிள்ளை ஒரு சிறு பத்தியை உரக்க வாசிக்கட்டும். மறுநாள் அதையே மீண்டும் வாசிக்கட்டும். தடுமாறும் இடத்தில் உடனே பாய்ந்து திருத்தாமல், வாக்கியம் முடியும்வரை பொறுத்திருங்கள். மளிகைச் சீட்டை அதன் கையால் எழுதச் சொல்லுங்கள். கடையில் 50 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று அதுவே சொல்லட்டும். பல்லாங்குழியில் 14 குழிகளுக்கும் ஐந்தைந்து முத்து இட்டால் எத்தனை என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மாத்திரம் ஒப்பிடாதீர்கள். அந்தச் சொல்லால் விடுமுறையும் கசக்கும், புத்தகமும் கசக்கும்.

தாயும் தகப்பனும் விடியலில் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் வீடுகள் நம் சபையிலும் உண்டு. அப்பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களே, கல்லூரி விடுமுறையில் வீடு வந்திருக்கும் வாலிபரே, உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அதன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இன்று மாலையே திண்ணையில் ஒரு பாயை விரியுங்கள். அது வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

கர்த்தர் நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.