சகோதரர் இருந்த கப்பல்

உள்நாட்டு யுத்தத்தில் தரைப்படைச் சிப்பாயின் பாடு ஒரு விதம். கடற்படை உத்தியோகஸ்தரின் பாடு வேறு விதம் என்று நமக்குத் தோன்றுகிறது. சிப்பாய் தன் ஊருக்காகத் தன் ஊரிலேயே நின்று போரிட்டுவிடலாம். கடலில் திரிகிறவனுக்குக் கப்பலே ஊர். உடன் வேலை செய்கிறவர்களே உற்றார். அந்த உற்றாரே இரண்டாகப் பிரிந்தால் அவன் எங்கே போவான்?

அமெரிக்க உள்நாட்டு யுத்த சரித்திரத்தைப் புரட்டும்போதெல்லாம் பிராங்க்ளின் புக்கானன் என்பவரிடம் வந்ததும் நாம் நின்றுவிடுகிறோம். 1815-ல், சிறு பையனாகக் கடற்படையில் சேர்ந்தவர். 1845-ல் அன்னபோலிஸ் நகரில் கடற்படைப் பள்ளி ஆரம்பமானபோது அதன் முதல் தலைவர். 1861 ஏப்ரலில், தம் சொந்த மாகாணமாகிய மேரிலாந்தும் தென் மாகாணங்களோடு பிரிந்துவிடும் என்று எண்ணி, 46 வருஷ உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்தார். மேரிலாந்தோ பிரியவே இல்லை! கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற முயன்றார்; கடற்படை மந்திரி வெல்ஸ் இணங்கவில்லை. மந்திரி செய்தது நியாயந்தான் என்று புத்தி சொல்கிறது; மனம் என்னவோ கேட்கமாட்டேனென்கிறது. சில மாதங்களுக்குப் பின் புக்கானன் தென் பகுதியாரின் படையில் சேர்ந்தார்.

1862 மார்ச் 8-ந் தேதி 'விர்ஜீனியா' என்ற இரும்புக் கவசக் கப்பலைச் செலுத்திக்கொண்டு ஹாம்ப்டன் ரோட்ஸ் துறைக்கு வந்தார். எதிரே நின்றவை மரக் கப்பல்கள். 'கம்பர்லாந்து' மோதுண்டு மூழ்கியது. அடுத்தது 'காங்கிரஸ்'. (நம் தேசத்துக் காங்கிரஸ் அப்போது பிறக்கவில்லை, இது கப்பலின் பெயர்.) அதில் சம்பளக் கணக்குப் பார்த்துவந்த அதிகாரி மக்கீன் புக்கானன், தளபதியின் உடன்பிறந்த சகோதரர்! பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். பீரங்கியை மூட்டச் சொல்லும் வாய் எப்படி வந்ததோ! 'காங்கிரஸ்' தீப்பற்றி எரிந்து இரவில் வெடித்தது. மக்கீன் உயிர் தப்பினார். கரையிலிருந்து வந்த துப்பாக்கிக் குண்டு தளபதியின் தொடையில் பாய்ந்தது.

1864 ஆகஸ்டு 5-ந் தேதி மொபைல் விரிகுடாவில் அவரை எதிர்த்து வந்த தளபதி பாரகட். தென் பகுதியில் பிறந்து, அங்கேயே பெண் எடுத்தவர். ஆயினும் பழைய கொடியை விடாதவர். ஒரே கவசக் கப்பலுடன் ஒரு பெரும் படைக்கு எதிரே சென்ற புக்கானன், கால் எலும்பு முறிந்து சிறைப்பட்டார். சமாதானக் கொடி கட்டிய கப்பல் ஒன்று இரு தரப்புக் காயம்பட்டவர்களையும் பென்சகோலா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது. அவருடைய காலை வெட்டவில்லை. அந்த ஆஸ்பத்திரி, அவர் ராஜிநாமாச் செய்துவிட்டு வந்த அதே கடற்படையினுடையது.