அம்மாவின் அளவு நோட்டும் என் நாலு டு-டூ லிஸ்ட்டும்

உங்க லேப்டாப்பில் பாதியில் நிற்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டர் எத்தனை இருக்கு? மனசுக்குள்ளேயே எண்ணிக்கோங்க, வெளியே சொல்ல வேண்டாம். போன அக்டோபர் வரைக்கும் என்கிட்ட ஆறு இருந்தது. அதில் நாலு, டு-டூ லிஸ்ட். ரியாக்ட்டில் ஒன்று, வியூவில் ஒன்று, ஆங்குலரில் ஒன்று, ஸ்வெல்ட்டில் ஒன்று. செய்ய வேண்டியதை எழுதி வைக்க நாலு ஆப் செய்த நான், செய்ய வேண்டிய ஒரே வேலையை மட்டும் செய்யவில்லை.

அது என்ன வேலைன்னு சொல்றேன். எங்க வீடு ஈரோடு. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாங்க. முன் ரூமில் ஒரு மெஷின், பக்கத்தில் ஒரு நீள நோட்டு. மார்பு, இடுப்பு, கைச்சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து என்று எல்லாருடைய அளவும் அதில்தான் இருக்கும். பேர் வரிசை கிடையாது. எந்தப் பக்கத்தில் யார் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மே லீவில் வீட்டுக்குப் போனபோது, "இதைப் போன்லயே பாக்கிற மாதிரி செஞ்சு தர்றேம்மா" என்று பெரிய ஆள் மாதிரி சொல்லிட்டு வந்தேன்.

ஜூனில் காலேஜ் திறந்ததும் ஆராய்ச்சி ஆரம்பம். எந்த ஃப்ரேம்வொர்க்? ஒரு வீடியோ ரியாக்ட் என்றது. அடுத்த வீடியோ, "ரியாக்ட் பழசு, ஸ்வெல்ட் பாருங்க" என்றது. சீனியர் அண்ணன் ஒருத்தர், "ரெசியூம்ல ரியாக்ட் இருந்தா நல்லது தம்பி" என்றார். நான் ஒப்பீட்டுக்கு ஒரு எக்செல் ஷீட்டே போட்டேன். வேகம், ஃபைல் அளவு, கிட்ஹப் ஸ்டார், வேலைவாய்ப்பு என்று வரிசையாக. அந்த ஷீட்டில் ஒரு காலம்கூட அம்மாவைப் பற்றி இல்லை என்பது இப்போதான் உறைக்குது.

ரியாக்ட் படித்ததில் ஒரு கூத்து. நான் பார்த்த பழைய வீடியோவில் எல்லாமே கிரியேட் ரியாக்ட் ஆப் வைத்துத்தான். பாதி படித்த பிறகு பார்த்தால், புது ப்ராஜெக்ட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025 பிப்ரவரியிலேயே ரியாக்ட் டீம் அறிவித்திருக்கிறது. இது அவர்கள் தப்பு இல்லை. முழு நேரம் இதிலேயே இருப்பவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. ஆனால் நம்ம நிலைமை வேற. இன்டர்னல்ஸ், ரெக்கார்ட், லேப், செமஸ்டர் என்று மூணு மாசம் தொடாமல் வைத்துவிட்டுத் திரும்பி வருவோம். வந்து ரன் பண்ணினால் சிவப்பு எழுத்தாகக் கொட்டும். அதைச் சரி செய்வதற்குள் லீவு முடிந்துவிடும்.

இப்படியே செப்டம்பர் போனது. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி, தையல்காரங்களுக்குத் தூக்கமே இல்லாத வாரம், ராத்திரி பெய்த மழையில் முன் ரூம் ஓடு ஒழுகி நோட்டு நனைந்துவிட்டது. அம்மா எழுதியது இங்க் பேனாவில். நடுவில் முப்பது நாற்பது பக்கம் நீல நிறமாகக் கரைந்து போச்சு. உள்ளூர்க்காரங்களைக் கூப்பிட்டு மறுபடி அளவு எடுத்தாங்க. பெங்களூரிலிருந்து துணி கொடுத்தனுப்பிய ஒரு அக்காவுக்கு மட்டும் ஞாபகத்தில் தைத்தாங்க. பட்டு ஜாக்கெட். போடவே முடியாத அளவுக்குப் பிடித்துவிட்டது. புதுத் துணியை அம்மாவே வாங்கி, கூலி இல்லாமல் திரும்பத் தைத்துக் கொடுத்தாங்க.

தீபாவளிக்குப் போன நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. மெஷின் பக்கத்தில் புதுசா ஒரு நீள நோட்டு இருந்தது. அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு ராத்திரி எக்செல் ஷீட்டை மூடிவிட்டு வேறு கேள்வி கேட்டேன். இதை யார் பயன்படுத்தப் போறாங்க? ஒரே ஒருத்தர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? பத்து, பதினைந்து. என்ன வேணும்? பேர் தேடணும், அளவு பார்க்கணும், புது அளவு சேர்க்கணும். இன்னொன்றும் இருந்தது. அதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. இது அக்கம்பக்கத்துப் பெண்களின் உடல் அளவு. இணையத்தில் ஏற்றினால் கண்டவர் கையில் கிடைக்கக் கூடாது. அப்படியென்றால் லாகின், பாஸ்வேர்டு எல்லாம் ஒழுங்காக இருக்கணும். இரண்டாம் வருஷப் பையன் சொந்தமாக எழுதிய லாகினை நம்பி எங்க தெருவை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிக் கேட்டதும் ஜாங்கோதான் மிஞ்சியது. அது பிறந்த கதை தெரியுமா? அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர். அங்கே உள்ளூர் செய்தித்தாளின் இணையதளத்துக்காக 2003 வாக்கில் எழுத ஆரம்பித்தது. 2005-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். பத்திரிகை ஆபீஸில் செய்தியை உள்ளே ஏற்றுகிறவர்களுக்கு கோடிங் தெரியாது, அதே சமயம் நேரமும் கிடையாது. அதனால்தான் ஜாங்கோவுடன் அட்மின் பக்கம் சேர்ந்தே வருகிறது. டேபிள் எப்படி இருக்கணும் என்று மாடலில் எழுதி, அதை அட்மினில் பதிவு செய்து, எந்த ஃபீல்டில் தேடணும் என்று சொன்னால் போதும். பதிவு செய்யும் படிவம், தேடும் பெட்டி, பட்டியல், லாகின் எல்லாம் தானாக வந்துவிடும். எங்கம்மாவும் அந்த ஆபீஸ்காரங்க மாதிரிதானே!

சனிக்கிழமை காலை உட்கார்ந்து ஞாயிறு ராத்திரி முடித்தேன். மாடலில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தமிழிலேயே பேர் கொடுக்கலாம். "கைச்சுற்று", "முன் கழுத்து" என்று அம்மா சொல்கிற வார்த்தையே திரையில் வந்தது. டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். மொத்தமும் ஒரே ஃபைல், எடுத்து டிரைவில் போட்டால் அதுதான் பேக்கப். ஆனால் கவனம். சில இலவச ஹோஸ்டிங்கில் சர்வர் மறுபடி ஸ்டார்ட் ஆனால் நாம் வைத்த ஃபைல் காணாமல் போகும். ஃபைல் நிலையாக இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் ஏற்றணும். மழையிடமிருந்து தப்பித்து அதில் போய் மாட்டக் கூடாது. வெர்ஷன் 5.2. நீண்ட கால ஆதரவு உள்ளது, 2028 ஏப்ரல் வரைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குள் நான் டிகிரியே முடித்துவிடுவேன் (அரியர் விழாமல் இருந்தால்).

அழகா இருக்கா? இல்லை. அட்மின் பக்கத்தைப் பார்த்து யாரும் வாவ் சொல்ல மாட்டாங்க. என் ரூம்மேட் சிம்போசியத்துக்கு ஐபிஎல் ஏலம் மாதிரி ஒரு விளையாட்டு செய்தான். திரையில் நொடிக்கு நொடி விலை மாறணும். அதற்கு அவன் வியூ எடுத்தது ரொம்பச் சரி, அட்மின் பக்கம் அங்கே ஒண்ணுக்கும் ஆகாது. சீனியர் அண்ணன் சொன்ன ரெசியூம் காரணமும் நியாயமானதுதான். வேலை கிடைக்க ரியாக்ட் படிக்கிறேன் என்றால் தாராளமாகப் படிக்கலாம், நானும் இப்போ படிக்கிறேன். அதை ஏன் அம்மாவின் தலையில் கட்டினேன் என்பதுதான் என் கேள்வி.

செமஸ்டர் முடிந்து டிசம்பரில் திறந்தேன். அப்படியே ஓடியது. அறுபத்தேழு பேர் அளவு ஏறியிருந்தது. அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எல்லாஞ் செரி கண்ணு, பின் கழுத்து டிசைன் எங்க வரையறது?" என்று கேட்டாங்க. நோட்டில் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் பானைக் கழுத்து, இலைக் கழுத்து என்று பேனாவால் வரைந்திருப்பாங்க. இத்தனை வருஷம் பார்த்திருக்கேன், கவனித்ததே இல்லை. ஒரு போட்டோ ஃபீல்டு சேர்த்தேன். இப்போ அம்மா நோட்டில் வரைந்து, போட்டோ எடுத்து, அதில் ஏற்றுகிறாங்க. நோட்டு பீரோவுக்குள்ளே இடம் மாறியிருக்கு.