அருமண்ணின் அருமை

அருமை என்னுஞ் சொல் நம் மொழியில் இருபொருள் பயப்பது. கிடைத்தற்கு அரியதும் அருமை. செய்தற்கு அரியதும் அருமை. அருமண் உலோகங்கள் என்னுந் தொடரில் இவற்றுள் எப்பொருள் பொருந்தும் என்று ஆராயப் புகுந்தோம். தமிழ் மாணாக்கர்க்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று நண்பர் நகைப்பர். ஆயினும், இம்மண் எம் ஊர் மண்.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியை அடுத்த கடற்றுறையே யாம் பிறந்த இடம். அக்கரையின் கருமணலிடையே மோனசைட்டு என்னும் மஞ்சள் மணிகள் கலந்துள்ளன. ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு, 1909ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். வாயு விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியத்தின் பொருட்டு மணல் கப்பலேறிற்று. சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் உலோகங்களும் அதில் உண்டு. இவற்றுட் சீரியம், நிலவுலகின் மேலோட்டில் ஏறக்குறையச் செம்பின் அளவிற்கு இருக்கின்றது. ஆகவே, கிடைத்தற்கு அருமை என்பது பொருந்தாது.

செய்தற்கு அருமையோவெனின், அதுவே உண்மை. இவ்வுலோகங்கள் பிராணவாயுவைப் பற்றினால் எளிதில் விடா. செம்பைப் போல இவற்றின் உப்பை நீரிற் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால், உலோகம் வெளிப்படுமுன் நீரே பிரிந்து ஹைட்ரஜன் குமிழிகளாய் எழும். எனவே, நீரை அறவே நீக்கி, உப்பையே தீயில் உருக்குதல் வேண்டும். 1875இல் ஹில்லெபிராண்டும் நார்ட்டனும் உருகிய குளோரைடுகளில் மின்சாரம் பாய்ச்சிச் சீரியத்தையும் லாந்தனத்தையும் பெற்றனர். குளோரைடில் சிறிது ஈரம் தங்கினும் உருகாத கசடு தோன்றி வேலையைக் கெடுக்கும்.

இக்காலத்து நியோடிமிய உலையில் லித்தியம் புளோரைடும் நியோடிமியம் புளோரைடும் ஏறத்தாழ 1050 பாகை வெப்பத்தில் உருகி நிற்கும். அதில் நியோடிமியத்தின் ஆக்சைடு சிறிது சிறிதாய் இடப்படும். பிராணவாயு கிராபைட்டு நேர்முனையை அரித்துக் கரிவாயுவாய்ப் போக, டங்ஸ்டன் எதிர்முனையில் உலோகந் தோன்றித் துளித்துளியாய்க் கீழுள்ள மூசையில் வீழும். ஆக்சைடு மிகுந்தால் கரையாது அடியிற் படியும்; குறைந்தால் புளோரைடே சிதைந்து, புவியை வெப்பமாக்கும் வாயுக்கள் எழும். சமாரியமோ இம்முறைக்கு இணங்காது. அதன் அயனி இரண்டும் மூன்றுமாகிய மின்னேற்றங்களுக்கிடையே மாறிமாறி உழன்று மின்சாரத்தை வீணாக்கும்.

சென்ற விடுமுறையில் இவற்றை எம் பாட்டியார்க்கு உரைத்தோம். கருவாடு உணக்கி வாழ்ந்தவர் அவர். "ஈர உப்பு எந்த வேலைக்கும் ஆகாது மக்களே, இதை நான் அறியேனோ?" என்றார். பின்பு, "நம் மண்ணிலுள்ள அந்த உலோகம் நம் கரைக்குத் திரும்பி வருமா?" என்று வினவினார். கைப்பேசியைக் காட்டி, இதனுள் ஒலி எழுப்புங் காந்தத்தில் நியோடிமியம் உண்டு என்றோம். "அப்படியானால் விலை கொடுத்துத்தான் வாங்குகிறோம்" என்று சொல்லி, மீன் புரட்டப் போய்விட்டார்.

அச்சொல் எம்மை விட்டகலவில்லை. மணலுக்கு விலை சிறிது. உருக்கிப் பிரிக்கும் அறிவிற்கே விலை பெரிது. அவ்வேலையின் பெரும்பகுதி இன்று சீனத்தில் நடைபெறுகின்றது. எம் கரையினரோ, அரிக்குங் கடலையும் தோரியத்தின் கதிர்வீச்சையும் அஞ்சி வாழ்கின்றனர். இவ்வுலையின் நன்மையும் தீமையும் அவர் தம் மொழியிலேயே அறிதல் வேண்டும். அறிந்த பின்னரே மணல் கொடுப்பதா மறுப்பதா என்று அவர் உரைத்தல் தகும். அதற்கேற்ற தமிழைச் சமைத்தல் எம்போன்ற மாணாக்கர் கடன். அதுவும் செய்தற்கு அரியதே, ஆயினும் செய்யத்தக்கது.